எந்தத் தலையைப் போடுவது?

எங்களூர்ச் சைக்கிள் கடைகளில் கிராங் கழற்றுவதென்றால் சுத்தியல்தான். பழைய ரலி சைக்கிள்களிலும் அதையொத்த பாரச் சைக்கிள்களிலும் கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடித்திருப்பது கொட்டர் பின் என்கிற ஒரு சிறிய ஆப்பு. அதன் ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். நட்டை முழுதாகக் கழற்றாமல் பின்னின் நுனிமட்டத்துக்கு விட்டு, கிராங்கின் கீழே இரும்புக் குழாயொன்றை முண்டு கொடுத்து, ஓங்கி ஓர் அடி. பயந்து பயந்து பத்துத் தட்டுத் தட்டினால் பின் வளைந்துவிடும். பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஓர் அடியில் ஒரு வித்தை இருக்கிறது. அதை மட்டமாக நினைப்பவர்கள் ஒருமுறை அடித்துப் பார்க்கட்டும்.

என் தங்கையின் மகன் இந்த வித்தையைச் சந்தியிலுள்ள கடைக்கார நானாவிடம் படித்தான். சாதாரண தரத்தில் ஆங்கிலம் அவனைக் கைவிட்டது. கை மட்டும் கைவிடவில்லை. உம்மாவின் இரண்டு காப்பும் அடகுக்குப் போய், ஏஜென்சிக்குக் காசு கட்டி, துபாயில் ஒரு சைக்கிள் கடைக்கு வேலைக்குப் போனான். ஹத்தா மலைப்பாதைகளில் ஓடுகிறவர்களின் மவுண்டன் சைக்கிள்கள், அவற்றிலும் மோட்டார் பூட்டியவை, அந்தக் கடைக்கு வருகின்றன. ஆறு மாதம் தகுதிகாண் காலம். எதையாவது உடைத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் இரவு அழைத்தான்.

"மாமா, பெட்டிக்குள்ள கிராங் புல்லர் ஒண்டு இரிக்கி. அதுக்கு ரெண்டு தல. எதப் போடுற?"

கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இல்லாட்டி மெல்லமா ரெண்டு தட்டுத் தட்டட்டா?" என்றான்.

"தட்டாத மகன். போல்ட்டைக் கழட்டிப்போட்டு அச்சு நுனிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

அதற்குள் அவன் அனுப்பியிருந்த ஆங்கிலக் கையேட்டை நான் வாசித்துவிட்டிருந்தேன். ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தல் உபகரணங்கள் பற்றி எங்களுக்கு மணிக்கணக்காக விரிவுரை நடக்கும். முதலில் பிள்ளையைப் பார், பிறகு உபகரணத்தைத் தேடு என்பார்கள். கிராங்குக்கும் அதுவேதான், முதலில் பார்க்க வேண்டியது அச்சின் நுனி.

சாதாரண சைக்கிள்களில் கொட்டர் பின்னுக்குப் பிறகு வந்தது சதுர அச்சு. அதன் நுனி நாற்சதுரமாகச் சரிந்து ஒடுங்கியிருக்கும். நடுவில் 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்குரிய சிறிய துளை. இதற்குப் புல்லரின் சிறிய தலை போதும். அது அச்சின் முகத்தில் ஊன்றித் தள்ள, கிராங் வெளியே வரும். இன்னொரு வகையில் அச்சைச் சுற்றிப் பற்கள் இருக்கும், துளையும் அகலமானது. பொஷ் மோட்டார்களில் இருப்பது இந்தப் பல் அச்சு. இதற்குப் பெரிய தலை வேண்டும். சிறியதைப் போட்டால் அது துளைக்குள் நுழைந்து உட்புரியைச் சிதைத்துவிடும். மாறாக, பெரியதைச் சதுர அச்சுக்குப் போட்டால் அது கிராங்கிலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

வினை என்னவென்றால், கிராங்கிலுள்ள புரி பெரும்பாலும் இரண்டு வகைக்கும் ஒன்றுதான், 22 மில்லிமீற்றர். ஆகவே பிழையான தலையும் அழகாகவே ஏறும். ஏறுகிறதே என்று நம்பக்கூடாது. மோட்டாரின் பெயரும் உதவாது. யமஹாவில் பழைய பி.டபிள்யு. மோட்டாருக்குச் சதுர அச்சு, பி.டபிள்யு. எக்ஸ். என்பதற்குப் பல் அச்சு. ஷிமானோவின் ஈ8000 வகைக்குப் புல்லரே தேவையில்லை. கிராங்கில் குறுக்கே இருக்கும் இறுக்கு போல்ட்டுகளைத் தளர்த்தி இழுக்க வேண்டியதுதான்.

சாதாரண சைக்கிளில் அச்சு கெட்டால் வேறோர் அச்சு வாங்கிப் போடலாம். இந்த வண்டிகளிலோ அச்சு மோட்டாரின் ஊடாகவே போகிறது. கால் எவ்வளவு பலமாக மிதிக்கிறது என்று அளக்கும் உணரியும் பெயரிங்குகளும் அதனோடுதான் இருக்கின்றன. அச்சுக்கு விழும் அடி மோட்டாருக்கு விழும் அடி. மோட்டாரின் விலையை அவன் எத்தனை மாதச் சம்பளம் கொண்டு கட்டுவது? தங்கையின் காப்பு எப்போது வீடு வருவது?

போட்டோ வந்தது. பற்கள்.

"பெரிசு மகன். பற்றரியைக் கழட்டினியா?"

"கழட்டிட்டன் மாமா."

"போல்ட்டுக்குக் கீழ வொஷர் கிடந்தா அதையும் எடு. புல்லரைக் கையால கடைசி மட்டும் ஏத்து. அதுக்குப் பொறகுதான் ஸ்பெனர்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவனை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். கிராங் அலுமினியம், புல்லர் உருக்கு. அரைகுறையாக ஏற்றிவிட்டு முறுக்கினால் உருக்கு பிழைத்துக்கொள்ளும், அலுமினியப் புரி வழித்துக்கொண்டு வந்துவிடும். அதற்கப்பால் எந்தப் புல்லருக்கும் பிடி இல்லை.

போனைக் கீழே வைத்துவிட்டுத் திருகினான். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு 'டக்' என்றொரு சத்தம். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து என்ன உடைந்தது என்று கேட்டாள்.

"வந்துட்டு மாமா!"

மறு வாரம் இன்னொரு படம் அனுப்பினான். அங்கே பத்து மணி, இங்கே பதினொன்றரை. கிராங் போல்ட்டைச் சுற்றி ஒரு வளைய மூடி, அதில் இரண்டு சின்னத் துளைகள். மூடியைக் கழட்டட்டா என்று கேட்டிருந்தான். தொடாதே என்று எழுதினேன். அது தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் வகை. 8 மில்லிமீற்றர் அலன் கீயை நடுவில் போட்டுப் போல்ட்டைத் தளர்த்தத் தளர்த்த, அது அந்த மூடியை உள்ளிருந்து தள்ளிக் கிராங்கை இழுத்துக்கொண்டு வரும். மூடி போய்விட்டால் போல்ட்டுக்கு முட்டுக் கொடுக்க ஒன்றும் இராது.

அவன் பெருவிரலைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். வேலை நடந்துகொண்டிருந்தது போலும்.