எழுபது டிகிரிக் காய்ச்சல்

ரொறன்ரோவிலிருந்து அக்கா எடுத்தபோது நெடுந்தீவில் விடிகிற நேரம். "பிள்ளைக்குக் காய்ச்சல் அம்மா. முப்பத்தெட்டு தசம் ஒன்பது." அம்மாவுக்கு அது காய்ச்சலாகவே படவில்லை. எங்கள் வீட்டுத் தெர்மோமீற்றர் பரனைற். 98.4 என்றால் சுகம், 100 என்றால் கொத்தமல்லி அவிக்க வேண்டும், 103 என்றால் குறிகட்டுவானுக்குப் படகு பார்க்க வேண்டும். சோளகம் அடிக்கிற மாதங்களில் கடல் கடப்பது லேசான முடிவல்ல. "நூற்றிரண்டோ நூற்றிமூன்றோ, அதைச் சொல்லு" என்று அம்மா கேட்டுக்கொண்டே நின்றார்.

நான் சி மொழி படிக்கத் தொடங்கி இரண்டு கிழமை. கடதாசியில் போட்டால் ஒரு நிமிடக் கணக்கு. ஆனால் லாப்டொப் பக்கத்தில் இருந்தது, ஆசையும் இருந்தது. நீர் உறைவதற்கும் கொதிப்பதற்கும் இடையில் செல்சியஸில் 100 படி, பரனைற்றில் 180 படி. ஆகவே 9ஐ 5ஆல் பிரித்து, செல்சியஸால் பெருக்கி, 32ஐக் கூட்ட வேண்டும். அப்படியே எழுதினேன். திரையில் 70.9 வந்தது.

"எழுபதே? என்ன தம்பி விசர்க்கதை. எழுபதெண்டால் பிள்ளை விறைச்செல்லோ கிடக்கும்!"

சூத்திரம் சரி. அரைப்புள்ளிகள் எல்லாம் இருந்தன. 70.9இலிருந்து 32ஐக் கழித்துப் பார்த்தேன்: 38.9. நான் கொடுத்த இலக்கம் பெருகாமலே திரும்பி வந்திருந்தது! சி மொழியில் முழுவெண்ணை முழுவெண்ணால் பிரித்தால் விடையும் முழுவெண்தான். 9/5 என்பது 1, மிச்சம் 0.8 போன இடம் தெரியாது. பிழை என்று ஒரு வரிகூடக் காட்டாமல் போனதுதான் என்னை உலுக்கியது. அம்மா பக்கத்தில் நிற்காவிட்டால் அந்த எழுபதை நம்பியிருப்பேனோ என்னவோ.

பெருக்கலை முன்னால் போட்டேன். 9ஐ 38.9ஆல் பெருக்கி, பிறகு 5ஆல் பிரித்து, 32ஐக் கூட்ட 102.02.

கேர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தைப் பிறகு படித்தேன். 1988இல் வந்த இரண்டாம் பதிப்பில், தொடக்கப் பாடங்களிலேயே 0 முதல் 300 வரை பரனைற்றைச் செல்சியஸாக்கும் அட்டவணை ஒன்று வருகிறது. அங்கேயும் 5ஆல் பெருக்கிய பிறகே 9ஆல் பிரிக்கிறார்கள். 5/9ஐ முதலில் செய்தால் எல்லா வரியும் பூச்சியமாகிவிடும் என்று காரணமும் சொல்கிறார்கள். என் பிழைக்கு அத்தனை வயது என்று அறிந்தது பெரிய ஆறுதல்.

அன்று பின்னேரம் அதேபோல ஓர் அட்டவணை செய்தேன், 36இலிருந்து 41 வரை, அரை டிகிரிக்கு ஒன்றாக. பிரிண்டர் இல்லை. பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கையால் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். அடுத்த முறை அக்கா "முப்பத்தெட்டரை" என்றபோது, அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, விரலை வரி வரியாகக் கீழே இறக்கி வந்து, "நூற்றியொன்று தசம் மூன்று. நெற்றிக்கு ஈரத்துணி போடு பிள்ளை" என்றார்.