மடங்க மறுத்த முழங்கால்

திருவண்ணாமலையை வலம் வரும் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் பாதிக்கு மேல் கடந்து, நடப்பவரின் கால் ஓயத் தொடங்கும் வேளையில் எதிர்ப்படும் ஊர் அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளிய இடம் இதுவென்பது வழிவழி வரும் செய்தி. தமிழ் கற்பிப்போர் குடியிருக்க இதனினும் இசைவான ஊர் வேறுண்டோ என்று நண்பர்களிடம் பெருமை பேசியபடி பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே வாழ்கின்றோம். முழுநிலா நாளில் நம் திண்ணையில் அமர்ந்தால் விடியும் வரை காலடி ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். பிறர் நடப்பதை இருந்த இடத்திலிருந்து பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு. எழுந்து நடக்க இயலும் வரையில்தான் அது இன்பம் என்பதை 2023ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் அறிந்துகொண்டோம்.

நனைந்த சாலை, குறுக்கே ஓடிய ஆடு, இருசக்கர வண்டி. இவ்வளவே நிகழ்ச்சி. வலக்கால் முழங்கால் சில்லு இரண்டாகப் பிளந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் கம்பியிட்டுக் கட்டினார்கள். ஐந்தாம் நாள் வீடு திரும்புகையில் மருந்துச் சீட்டுகளோடு ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்தனர். அதில் பயிற்சிகள் சில இருந்தன. மாத்திரைகளை எப்போது உண்பது என்று இருமுறை விளக்கிய செவிலியர், அந்தத் தாளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. அறுவை முடிந்தது, இனி ஆறவேண்டியதுதான் என்பதே நம் எண்ணம்.

ஆறுவது என்றால் அசையாதிருப்பது என்று நம் குடும்பத்தார் கொண்டனர். அம்மா முழங்காலுக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை வைத்தார். அஃது அத்துணைச் சுகமாயிருந்தது. உறவினர் வந்த வண்ணம் இருந்தனர். எலும்புக்கு எலும்பே மருந்தென்று ஆட்டுக்கால் சூப் நாள்தோறும் வந்தது. தண்ணீர் குடிக்க எழ முயன்றாலும், "நீ படு கண்ணு, நான் எடுத்தாறேன்" என்பார் அம்மா. இத்தகைய அன்பை மறுக்க யாருக்கு மனம் வரும்? ஆறு வாரங்கள் அரசரைப் போல் கிடந்தோம்.

மறுபரிசோதனைக்குச் சென்றபோது மருத்துவர் படத்தைப் பார்த்து மகிழ்ந்தார். எலும்பு நன்கு கூடியிருந்தது. பிறகு காலை மடக்கச் சொன்னார். மடங்கவில்லை. கோணமானியை வைத்து அளந்ததில் 40 பாகைக்கு மேல் ஒரு நூலளவும் நகரவில்லை. நீட்டச் சொன்னார், முழுதாக நிமிரவும் இல்லை. தொடையை நோக்கினோம். இடத்தொடை தூணாக இருக்க, வலத்தொடை வாழைத்தண்டாக மெலிந்திருந்தது. "எலும்பை நான் சேர்த்துவிட்டேன் சார். முழங்காலை நீங்கள்தான் சேர்க்கவேண்டும்" என்றார். அன்று நேர்ந்த அச்சம் விபத்தன்று நேர்ந்ததில்லை. கரும்பலகை முன் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் நிற்பது நம் தொழில். அதனினும் மேலாக, தொழுகையில் நெற்றி தரையைத் தொடும் அந்நிலை இனி நமக்கு வாய்க்குமோ என்ற கவலை. இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழலாம் என்ற சலுகை மார்க்கத்தில் உண்டு. நாற்பத்தாறு வயதில் அச்சலுகையைப் பெற நெஞ்சம் ஒப்பவில்லை.

இயன்முறை மருத்துவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். நம் மாணவர்களைவிடச் சற்றே மூத்தவர். முதலில் அவர் கேட்டது தலையணையைப் பற்றி. முழங்காலின் பின்புறம் தலையணை வைத்து வாரக்கணக்கில் படுத்தால், அரை மடக்கிலேயே தசைநாண்கள் குறுகிவிடும் என்றார். புண் ஆறுகையில் தோலில் தழும்பு விழுவதுபோல் மூட்டுக்கு உள்ளேயும் தழும்புத் திசு படரும். அசைத்துக்கொண்டிருந்தால் நெகிழ்வாக அமையும், அசையாதிருந்தால் பசையிட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். அறுவை செய்தவர்களை வாரக்கணக்கில் படுக்கவைப்பதே முன்னாளில் உலகெங்கும் வழக்கமாக இருந்ததென்றும், இரண்டாம் உலகப்போர்க் காலத்திற்குப் பின்னரே விரைவில் எழுப்பி நடத்தும் முறை பரவியதென்றும் சொன்னார். படுக்கையில் கிடந்தால் கால் நாளங்களில் குருதி உறையும், நுரையீரலில் சளி தேங்கும், முதுகில் புண் வரும். நமக்கு நேர்ந்தது இவற்றுள் எளியது.

பயிற்சிகள் கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு. குதிகாலின் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைக் கட்டிலை நோக்கி அமுக்கிப் பத்து எண்ணவேண்டும். பவுடர் தூவிய பலகையில் குதிகாலை உடலை நோக்கி இழுக்கவேண்டும். சில்லை விரல்களால் பிடித்து இடமும் வலமும் நகர்த்துவார் அவர். அப்போது நம் வாயிலிருந்து எழுந்த ஒலிகளைத் தொல்காப்பியர் எழுத்தென்று ஏற்றிருக்கமாட்டார். "கத்துங்க சார், பரவாயில்லை, காலை மட்டும் இறுக்காதீங்க" என்பார். முதல் வாரத்தில் 40 பாகை 48 ஆயிற்று. இரண்டாம் வாரத்தில் ஒரு பாகைகூட ஏறவில்லை. பயிற்சியை விட்டுவிடலாம் என்று தோன்றியது அந்த வாரத்தில்தான்.

அந்நாட்களில் அவர் வேலூர்க் கதை ஒன்றைச் சொன்னார். நம் ஊருக்கு 80 கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்தும் நாம் அறியாதிருந்த கதை. கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் நரம்பு செயலிழந்து கொக்கிபோல் வளைந்த கைகளுக்கு, நலமாயுள்ள தசைநாணை இடம் மாற்றித் தைத்து உயிரூட்டும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். இதில் வியப்பு என்னவெனில், மோதிர விரலை மடக்கிய நாணைப் பெருவிரலில் கொண்டுபோய்த் தைத்துவிட்டால், கை மாறிவிடுகிறது. மூளைக்கு அச்செய்தி தெரியாது. நோயாளி மோதிர விரலை மடக்க எண்ணும்போது பெருவிரல் அசையும்! ஆகவே அறுவைக்கு முன்பு விறைத்த மூட்டுகளை இளக்கவும், பின்பு கட்டுப் பிரித்துக் கைக்குப் புதிதாகப் பாடம் சொல்லவும் வாரக்கணக்கில் பயிற்சி நடந்தது. அப்பயிற்சி இல்லையேல் எத்துணைச் சிறந்த தையலும் வீண். பிராண்டிடம் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அக்கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் எழுந்தது.

இதைக் கேட்டபின் வலி குறைந்ததென்று எழுதினால் பொய்யாகும். ஆயினும் ஒரு கால் மடங்கவில்லையென்று புலம்ப வாய் கூசியது.

ஊன்றுகோலோடு சாலையில் இறங்கினோம். வீட்டிலிருந்து இரண்டு மின்கம்பம், பிறகு ஐந்து, பிறகு மாணிக்கவாசகர் கோயில் வரை. மல்லாட்டை பயிரிடும் பக்கத்து வீட்டுப் பெரியவர் களத்திலிருந்தே, "வாத்தியார் பாய், இன்னிக்கு எத்தனை கம்பம்?" என்று கேட்பார். அவர் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை நடந்தது நமக்கும் முன்னர். பயிற்சிக்காக நாள்தோறும் நகரம் போய்வர ஆட்டோவுக்குக் கொடுக்க அவரிடம் பணமில்லை. ஆதலால் அம்மையார் கட்டிலோடு கிடந்தார். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார் என்ற செய்தியை நாம்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துச் சொன்னோம். அவர்கள் வந்தார்கள். ஆயினும் காலம் கடந்துவிட்டது; அம்மையார் இன்று நடைச்சட்டம் பிடித்து வாசல் வரை வருகிறார், அவ்வளவுதான். அத்தெருவிலேயே வாழ்ந்தும் நாம் முன்பே விசாரித்திருக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

ஏழாம் மாதத்தில் கோணமானி 125 காட்டியது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்க அது போதும். இருப்பில் குதிகால்மேல் அமர இன்னும் சிறிது வேண்டும். வெறுந்தரையில் முழங்காலை ஊன்றினால் உள்ளிருக்கும் கம்பி குத்துமென்று அம்மா பழைய ஜமுக்காளத்தை நான்காக மடித்து விரித்துக் கொடுத்தார். ஒரு வைகறையில் அதன்மேல் இறங்கினோம். கால் நடுங்கிற்று, ஆனால் மடங்கிற்று. எழுவதற்கு மட்டும் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தொழுகைக்கென்று வாங்கிய நாற்காலி இப்போது அடுக்களையில் இருக்கிறது. அம்மா அதில் அமர்ந்து வெங்காயம் உரிக்கிறார். தண்ணீர் கேட்டால், "நீயே எழுந்து வந்து எடுத்துக்கோ" என்கிறார்.