அரபிக்கடலில் எங்கள் ஊர்

போன வாரம் பேரன் கைப்பேசியில் இரண்டு எண்களைத் தட்டினான். வடக்கே 9 டிகிரி 10 நிமிடம், கிழக்கே 77 டிகிரி 32 நிமிடம். படம் நேராகச் சங்கரன்கோவிலில் வந்து நின்றது. எனக்கு அப்பாவின் அட்லஸ் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா பிழைப்புக்காகப் பாண்டிச்சேரி போய் மில்லில் கணக்கு எழுதியவர். பழைய சாமான் கடையில் ஒரு பிரெஞ்சு அட்லஸ் வாங்கி வைத்திருந்தார். அதில் நம் ஊர் பெயர் கிடையாது. பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஓரத்தில் '9.10, 75.12' என்று எழுதியிருந்தார்.

எனக்கு அப்போது 12 வயது. பள்ளிக்கூட அட்லஸில் நம் பக்கம் 77 என்று பார்த்துவிட்டு வந்தவன், விருந்தாளிகள் இருக்கும்போதே, "அப்பா, நம்ம ஊரைக் கடல்ல போட்டுட்டீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா "அப்படியா" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டார். அப்புறம் என் முன்னால் அவர் அதைத் திறந்து நான் பார்க்கவில்லை.

அந்த எண்களையும் தட்டச் சொன்னேன். அரபிக்கடல்தான், கேரளக் கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். மனசு கேட்காமல் பரணிலிருந்து அட்லஸை இறக்கினேன். புள்ளி சரியாக நம் ஊர் இருக்க வேண்டிய இடத்தில், தரையில்தான் இருந்தது. அன்று நான் எண்ணை மட்டும் பார்த்தேன், புள்ளியைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'மெரிதியான் தெ பாரி' என்று அச்சிட்டிருந்தது. பாரிஸ் தீர்க்கரேகை. நான் படித்த பாஷையிலேயே.

அட்சரேகைக்குப் பூமத்திய ரேகை என்று இயற்கையான தொடக்கம் உண்டு. தீர்க்கரேகைக்கு அது இல்லை. எங்கே பூஜ்யம் என்று மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 1884இல் வாஷிங்டன் மாநாடு கிரீன்விச்சைத் தேர்ந்தெடுத்தபோது பிரான்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 1911இல்தான் தன் கடிகாரத்தையே கிரீன்விச்சுக்கு மாற்றியது. பாரிஸ் கிரீன்விச்சுக்குக் கிழக்கே 2 டிகிரி 20 நிமிடம். 75.12உடன் அதைக் கூட்டிப் பாருங்கள்: 77.32. ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

இப்போதும் இந்தத் தொல்லை முழுதாகத் தீரவில்லை. நம் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்களில் (நம் ஊருக்கு 58 ஜி/12) எண்கள் எவரெஸ்ட் கணக்குப்படி. கைப்பேசியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கு. தாளில் படித்ததை அப்படியே கைப்பேசியில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் கொண்டுபோய் விடும். இரண்டும் பூமியின் வடிவத்தையே சற்று வேறுவேறாக எடுத்துக்கொண்டவை.

அன்று சிரித்தவர்களில் சித்தப்பா ஒருவர்தான் இருக்கிறார், பாண்டிச்சேரியில். போன் போட்டு, அப்பா போட்ட கணக்கு சரிதான் என்று சொன்னேன். அவருக்குக் காது மந்தம். "எந்தக் கணக்குடா, மில்லு கணக்கா?" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.