மாயாவி யாருக்குச் சொந்தம்?

தோட்டத்துக் கிராணி ஒருவர் படக்கதைகளைப் பற்றி எழுதப் புகுந்ததைக் கண்டு வாசகர்களில் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படி நகைத்தவர்களே. ஆனால் கூலாய்க் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடை மேஜையின்மேல் நடந்த சிறு சம்பவம் ஒன்று நம்மைச் சில மாதங்களாக நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஆனபடியால் அதை மறைக்காமல் எழுதிவிடுவதே உத்தமம் என்று தோன்றிற்று.

நாம் பிறந்தது கூலாய்க்கு அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். இப்போது அங்கே பால் மரம் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். தந்தையார் சிங்கப்பூரில் வேலை பார்த்தமையால் நம்மை அங்கேயே ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். விடியுமுன்பே பேருந்து ஏறிப் பாலத்தைக் கடந்து போய், பொழுது சாயும் வேளையில் திரும்பி, உண்டதும் உறங்கியதும் தெரியாமல் கழிந்த பிராயம் அது. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற படிப்பின் பலனாக இன்று பிறந்த தோட்டத்திலேயே கிராணி உத்தியோகம் பார்க்கிறோம். பள்ளியில் தமிழ் இரண்டாம் மொழி. பரீட்சைக்கு வேண்டிய தமிழ் வந்தது. ஒரு புத்தகத்தை விரும்பிப் படிப்பதற்கு வேண்டிய தமிழ் வரவில்லை.

அந்தத் தமிழை நமக்குக் கொடுத்தவர் எந்த வாத்தியாரும் அல்லர். தோட்டத்து லாரி ஓட்டுநர் ஒருவர். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். இன்று அறுபதை எட்டியவர். லயத்து வீட்டில் அவருடைய கட்டிலுக்கடியில் நான்கு பிஸ்கட் டின்கள் இருந்தன. அவற்றுள் சிவகாசியில் அச்சான படக்கதைப் புத்தகங்கள் பூச்சி உருண்டை மணத்தோடு அடுக்கப்பட்டிருந்தன. பள்ளி விடுமுறையில் ஒவ்வொன்றாகக் கொடுப்பார். ஒரே ஒரு நிபந்தனை: வாங்கிய புத்தகத்தின் கதையை அவருக்குத் தமிழில் சொல்லவேண்டும்; சொன்னால்தான் அடுத்த புத்தகம். தோட்டத்தில் எல்லாரும் அவரை மாயாவி அண்ணன் என்றே அழைப்பார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். அவர் நம்மைத் தம்பி என்பார்.

விஷயம் அறியாத வாசகர்களுக்குச் சிறிது விளக்கவேண்டும். 1972ஆம் ஆண்டில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் என்பவர் முத்து காமிக்ஸ் என்ற வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் புத்தகம் ‘இரும்புக்கை மாயாவி’. ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்த லூயிஸ் கிராண்டேல் என்பவன் விபத்தொன்றில் வலது கையை இழக்கிறான். இழந்த கைக்குப் பதில் இரும்புக்கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் உடலில் பாய்ந்தால் அவன் மறைந்துபோவான். அந்தக் கை மட்டும் மறையாது. வெற்றிடத்தில் மிதந்துவரும் ஓர் இரும்புக்கை! தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைச் சிறுவர்களின் கனவில் அந்தக் கை வந்திருக்கிறது. அது கடல் கடந்து கூலாய் லயத்து வீட்டுக்கும் வந்தது. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடர், ஆர்ச்சி என்ற இயந்திர மனிதன், குதிரைவீரன் டெக்ஸ் வில்லர் முதலியோர் தமிழ் பேசினார்கள். இடையில் தளர்ந்துபோன அவ்வெளியீடுகள் 2012க்குப் பின் வர்ணப் படங்களோடு மீண்டும் தலைநிமிர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கடைத்தெருவில் நால்வர் கூடுவது வழக்கமாயிற்று. தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், சேனாய் விமான நிலையத்தில் வேலை செய்யும் வாலிபர் ஒருவர், மாயாவி அண்ணன், நாம். இதைச் சபை என்று சொல்லிக்கொள்வோம். தீர்மானம் எதுவும் நிறைவேற்றியதில்லை. தேநீருக்கு யார் பணம் கொடுப்பது என்பதில்கூட ஏகமனதாக முடிவு ஏற்பட்டதில்லை.

வாலிபர் அமெரிக்கப் படக்கதைகளில் மூழ்கியவர். அவர் வாயிலிருந்து வரும் பாத்திரங்களில் பாதிப் பேரை அமெரிக்கர்களே அறிந்திருப்பார்களா என்பது சந்தேகம். நான்கே இதழ்களில் தோன்றி மறைந்த ஒரு வீரனுக்காக அவர் அரைமணி நேரம் வாதாடுவார். புதிய தொடர்களில் 2014இல் தொடங்கிய கமலா கானின் கதையை அவர் மிகவும் மெச்சுவார். பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, வீட்டுக் கட்டுப்பாட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே நின்று, உலகத்தைக் காக்கிறாள் என்பது அவருக்குப் பெரிய புதுமை. நமக்கும் அது நல்ல புதுமையே. ஆனால் அந்தக் கம்பெனிகள் சில வருஷங்களுக்கு ஒருமுறை பழைய எண்ணிக்கையைத் தள்ளிவிட்டு ‘முதல் இதழ்’ என்று மறுபடியும் தொடங்கி ஆட்களை வாங்கவைக்கும் தந்திரத்தை அவரும் மறுப்பதில்லை.

ஆசிரியருக்கோ நமது ஜோகூர் வீரனான கெலுவாங் மனிதனே போதும். 1998இல் அரசாங்கத் தொலைக்காட்சியில் வந்த சித்திரத் தொடர் அது. போர்ஹான் என்ற மனநோயாளி தம்போய் மனநல மருத்துவமனையிலிருந்து இரவில் வெளியேறி, பழந்தின்னி வௌவால் வேடம் பூண்டு கள்வரைப் பிடிக்கிறான். விடியுமுன் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். 2025இல் அது திரைப்படமாகவும் வந்தது. “பைத்தியம் என்று ஊர் ஒதுக்கிய ஒருவன்தான் ஊரைக் காக்கிறான், கவனித்தீர்களா?” என்று ஆசிரியர் ஒவ்வொரு மாதமும் ஒருமுறையாவது கேட்பார். கவனித்தோம் என்று ஒவ்வொரு முறையும் சொல்வோம்.

மாயாவி அண்ணன் அதிகம் பேசமாட்டார். பேசினால் அது நினைவில் நிற்கும். ஒருமுறை முகமூடி வேதாளரைப் பற்றிய பேச்சு வந்தது. லீ பால்க் 1936இல் படைத்த பாத்திரம் அது. இந்திரஜால் காமிக்ஸில் வேதாளர் என்றும், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸில் மாயாவி என்றும் பெயர் பெற்றவர். இரண்டு மாயாவிகள் இருந்தமையால் வந்த குழப்பங்களைச் சொன்னால் ஒரு தனிக் கட்டுரையாகிவிடும். தந்தைக்குப்பின் மகன் என்று இருபத்தொரு தலைமுறையாகக் காட்டை ஆளும் வெள்ளைக்காரர் அவர். அண்ணன் தேநீரை ஆற்றியபடி, “எனக்கு அவரைப் பிடிக்காது தம்பி. காட்டுக்காரங்க எல்லாம் அவருக்குக் கைகட்டி நிக்கறாங்க. அசல் துரை மாதிரி. நம்ம மாயாவி அப்படியில்லே, கை போன ஆளு” என்றார். பெரட்டுக் களத்தில் விடியற்காலை வரிசையில் நின்று வளர்ந்தவரின் விமரிசனம் அது. அதனினும் சிறந்த விமரிசனத்தை நாம் ஆங்கிலத்தில் படித்ததில்லை. அவ்வாறு அன்றே அவரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இனி நமது குற்றத்துக்கு வருவோம். ஒரு ஞாயிறு, இந்த வீரர்களின் பிறப்பிடத்தைப் பற்றி வாதம் எழுந்தது. மாயாவி தமிழில் பிறந்தவன், சிவகாசியில் வரையப்பட்டவன் என்பது அண்ணனின் திடமான நம்பிக்கை. நமக்கு ஆங்கிலம் தெரியும் என்ற கர்வம் அன்று எங்கிருந்தோ தலைதூக்கிற்று. அவன் 1962இல் லண்டனில் வெளிவந்த ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவன் என்றும், எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்றும் அடுக்கினோம். அத்துடன் நில்லாமல் மறு வாரம் சாட்சியமும் கொண்டுபோனோம். அந்தப் பழைய ஆங்கிலப் பாத்திரங்களின் உரிமையை 2016லும் 2018லும் ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வாங்கி, மறுபதிப்புகள் போட்டுவருகிறது. அவற்றுள் ஒன்றை மேஜையின்மேல் வைத்தோம்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அட்டையிலிருந்த ஆங்கில எழுத்துகளை மலாய் படிப்பதுபோல் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். பொருள் விளங்கவில்லை. பிறகு உள்ளே திருப்பினார். முதல் படத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்தப் படத்தில் யார் என்ன சொல்கிறார் என்பதைத் தமிழில் சொன்னார். அடுத்த படம், அதையும் சொன்னார். ஐம்பது வருஷத்துக்கு முன் படித்ததைப் பக்கம் பக்கமாகத் தவறாமல் சொல்லிக்கொண்டே போனார். கடைக்காரர்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

நாம் என்ன செய்தோம்? “அங்கே அப்படி எழுதியிருக்கவில்லை” என்றோம். மறு படத்துக்கும் திருத்தம் சொன்னோம். மூன்றாம் முறை, “தமிழில் போட்டவன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டான், அண்ணே” என்று சிரித்தோம். வாலிபரும் சிரித்தார். ஆசிரியர் சிரிக்கவில்லை. அண்ணன் புத்தகத்தை மூடி, மேஜையில் சிந்தியிருந்த தேநீர் படாதபடி தம் கைக்குட்டையால் துடைத்து, நம் பக்கம் நகர்த்திவைத்தார். “சரிங்க ஐயா” என்று சொல்லி எழுந்துபோனார்.

தம்பி ஐயாவானதை அப்போது நாம் கவனிக்கவில்லை. மூன்று ஞாயிறு அவர் வராதபோதுதான் உறைத்தது. அலுவலகத்தில் லாரிச் சீட்டுக்குக் கையெழுத்துப் போட வரும்போதும் ஐயாதான். தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டு போனார். அவர் நம்மைக் கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்பது சுலபமாக இருந்திருக்கும். அவர் மரியாதை கொடுத்தார்.

அந்த வாரங்களில் ஓர் இரவு, நாம் பெருமையோடு ஒப்பித்த பெயர்களைப் பற்றி யோசித்தோம். அந்தக் காலத்து ஆங்கிலச் சிறுவர் வாரப் பத்திரிகைகளில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ அச்சிடும் வழக்கம் இருந்ததில்லை; பிற்காலத்து ரசிகர்கள் தேடித் துருவிக் கண்டெடுத்தவைதாம் அவை. லயன் என்ற ஆங்கில இதழில் 1965இல் தொடங்கிய ஸ்பைடரின் கதையைப் பாருங்கள். டெட் கோவன் படைத்து, ரெஜ் பன் வரைந்த அந்தக் குற்றச் சக்கரவர்த்திக்குச் சில காலம் கழித்துக் கதை எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்! அவரும் ஜோ ஷஸ்டரும் 1938இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அதைக் கொண்டு பிறர் கோடி கோடியாகச் சம்பாதித்தனர். பல வருஷப் போராட்டத்துக்குப் பின் 1975இல்தான் அவ்விருவருக்கும் வருஷாந்தர உபகாரச் சம்பளமும், கதையில் பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர் பெயரில்லாமல் எழுதிய கதைகள் சிவகாசி வழியாகத் தமிழாகி, ஒரு லாரி ஓட்டுநரின் பிஸ்கட் டின்னுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன.

நமது தொழில் செக்ரோலில் பெயர் எழுதுவது. யார் எத்தனை நாள் வேலை செய்தார், எத்தனை குலை வெட்டினார் என்று பெயர்வாரியாகக் குறிப்பது. ஒரு பெயர் விடுபட்டால் அம்மனிதனின் அந்த நாள் இல்லாமற்போகும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? ஆயினும் பல்மரையும் பிளாஸ்கோவையும் ஒப்பித்த நமக்கு, அண்ணன் மனப்பாடமாக வைத்திருந்த அந்தத் தமிழ் வசனங்களை எழுதியவர் பெயர் தெரியாது. கைவசமிருந்த பிரதிகளைப் புரட்டித் தேடினோம், காணவில்லை. ‘இஷ்டத்துக்கு மாற்றிவிட்டான்’ என்று நாம் அலட்சியமாகச் சொன்ன அந்த ஆசாமிதான் நமக்குத் தமிழ் கற்றுக்கொடுத்திருக்கிறான். இந்தக் கட்டுரையின் வாக்கியங்களில் பாதி அவன் போட்ட பிச்சை.

நான்காம் ஞாயிறு அந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் இப்போது லயத்தில் இல்லை; தாமானில் மகள் வீட்டில் இருக்கிறார். லயத்து வீடுகளில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்தவர். திண்ணையில் நாற்காலி போட்டார், உட்காரச் சொன்னார், பேத்தியிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. புத்தகத்தைத் திறந்து, “ஆங்கிலத்தில் இருப்பதை நான் சொல்லுகிறேன், தமிழில் இருந்ததை நீங்கள் சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டோம்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய், கட்டிலுக்கடியிலிருந்து ஒரு டின்னை இழுத்துவந்தார். நான்கில் அது ஒன்றுதான் மிச்சம். மற்றவை வீடு மாறியபோது மழையில் நனைந்து போயினவாம். பக்கங்கள் பழுப்பேறி, ஓரம் பொடியாய் உதிர்ந்தது. இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டோம். பேத்தி வந்து தாத்தாவின் தோளில் சாய்ந்து நின்றாள். அவள் மலாய்ப் பள்ளியில் படிப்பவள். தமிழ் எழுத்து தெரியாது. ஒவ்வொரு படமாகப் போனோம். சில இடங்களில் ஆங்கிலம் சிறப்பாக இருந்தது. சில இடங்களில் தமிழ் மிகத் துணிச்சலாக இருந்தது; அங்கெல்லாம் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் நம் முகத்தைப் பார்த்தார். ஓர் இடத்தில் நீண்ட ஆங்கிலப் பேச்சொன்று தமிழில் ஒரே சொல்லாய்ச் சுருங்கியிருந்தது. “இங்கிலீஷ்காரன் கொஞ்சம் வளவளன்னு பேசறான்” என்றார். ஆம் என்றோம்.

இருட்டும்வரை இருந்தும் பாதிப் புத்தகம்தான் முடிந்தது. அன்று முழுவதும் அவர் நம்மைத் தம்பி என்றும் அழைக்கவில்லை, ஐயா என்றும் அழைக்கவில்லை. ஆங்கிலப் புத்தகத்தை அங்கேயே விட்டுவந்தோம். பேத்தி அதைத் தன் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டதாகப் பின்னர் அவள் தாயார் சொன்னார். அவள் நம்மிடம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்: தாத்தாவின் புத்தகத்தைப் படிக்கத் தமிழ் எழுத்துகள் எத்தனை கற்கவேண்டுமாம்? வருகிற ஞாயிறு ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு போவதாக இருக்கிறோம்.