ஹார்விபட்டி

பசுமலையைக் கடந்து திருப்பரங்குன்றத்துக்கு வரும் அன்பர்கள், முருகனைத் தரிசித்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். அருகிலுள்ள ஹார்விபட்டியையும் ஒரு நடை பார்த்துவர வேண்டும். மதுரை நூற்பாலையின் முதலாளிகளான ஹார்வி துரைமார், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தம் தொழிலாளருக்காக உண்டாக்கிய ஊர் இது.

தருமம் ஒன்றே நோக்கமென்று எண்ணிவிட வேண்டாம். நிலையான ஆட்கள் ஆலைக்குத் தேவைப்பட்டனர். ஆனால், வேலை போனால் வீடும் போகும் ஆலைக் குடியிருப்புகளைப் போலன்றி, இங்கே தவணை கட்டித் தீர்த்தவனுக்கு வீடு சொந்தமாயிற்று. பெயர் துரையுடையது, பணமோ தொழிலாளியின் வியர்வை!

1974-ல் ஆலை ‘மதுரா கோட்ஸ்’ ஆயிற்று. பிள்ளைகள் படித்து வேறு உத்தியோகங்களை நாடினர். சொந்த வீட்டை விற்கவும் உரிமையுண்டல்லவா? ஆலையை அறியாத குடும்பங்களும் குடியேறின. பேரூராட்சியாயிருந்த ஊர், 2011-ல் மாநகராட்சியோடு இணைந்தது.

அன்று வாங்கியவர் குடும்பம் உயர்ந்தது, நல்லதே. ஆனால் கைமாறிய வீடு சந்தை விலைக்கே போகும். இன்றைய கூலித் தொழிலாளி அதை எட்டுவது எங்ஙனம்? ஒருமுறை கட்டியதோடு கடமை தீர்ந்துவிடாது. தலைமுறைதோறும் ஒரு புதிய பட்டி எழவேண்டும். அதற்குத் துரையின் பெயர் தேவையில்லை.