எத்தனை கம்பு உயரம்?

செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். அங்கே மரம் உயர்ந்துவிட்டால் அதன் கதை முடிந்தது! நட்ட மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும் செம்பனை, 25 ஆண்டுகளில் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு குலை எங்கோ வானத்தில் தொங்கும். வெட்டுபவரின் கம்பு எட்டாது. எட்டினாலும் அன்றைய கணக்குக்கு வேண்டிய குலைகளை வெட்டி முடிக்க முடியாது. நிர்வாகம் கணக்குப் பார்க்கும். ஒரு நாள் காலையில் இயந்திரம் வந்து நிற்கும். அதற்கு மறுநடவு என்று பெயர்.

என் அப்பா பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் 26 ஆண்டுகளாகக் குலை வெட்டுகிறார். அரிவாள் கட்டிய அலுமினியக் கம்புதான் அவருக்குத் தொழில் கருவி, அதுவே அளவுகோலும். கோயில் கோபுரம், தமிழ்ப்பள்ளிக் கொடிக்கம்பம், பக்கத்துப் பட்டணத்தின் கைப்பேசிக் கோபுரம், எதைப் பார்த்தாலும் கழுத்தைச் சற்றே சாய்த்து, "ரெண்டு கம்பு இருக்கும்", "நாலு கம்புக்குக் கொறையாது" என்பார். அவரிடம் உள்ள நீளமான கம்பு எட்டு மீட்டர். அந்தக் கழுத்துச் சாய்வு இப்போது வலியாக நிலைத்துவிட்டது என்பது வேறு கதை.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் வனவியல் படிக்க இடம் கிடைத்தபோது வீட்டில் யாருக்கும் மகிழ்வதா அழுவதா என்று தெரியவில்லை. பாட்டி மட்டும் தெளிவாகச் சொன்னார்: "உங்க தாத்தனோட அப்பன் காட்ட வெட்டித்தான் தோட்டம் போட்டாரு. நீ மறுபடியும் காட்டுக்கே போறியா?" எங்கள் பேச்சில் தோட்டத்து வேலையே 'வெளிக்காட்டு வேலை'தான். ஆனால் உண்மையான காட்டுக்குள் எங்கள் வீட்டில் யாரும் ஆசைப்பட்டுப் போனதில்லை.

நான் முதன்முதலாக ஒரு மரத்தை முறைப்படி அளந்தது பூச்சோங் அருகிலுள்ள ஆயர் ஹீத்தாம் வனத்தில். முறை எளிது. மரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று, கிளினோமீட்டர் வழியாக உச்சியைப் பார்க்க வேண்டும். கோணம் 45 பாகை என்றால் உயரம் 30 மீட்டர். அதனுடன் நம் கண்ணின் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்! தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் ஒருவர் எங்களை வெயிலில் நிறுத்தி, ஒரு குச்சியின் நிழலையும் கொடிக்கம்பத்தின் நிழலையும் ஒப்பிட்டுக் கம்பத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க வைத்தார். இடைநிலைப்பள்ளியில் அதே கணக்கு 'சூடுட் டொங்காக்கான்' என்று மலாயில் வந்தது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் வருகிறது. 'ஏற்றக்கோணம்' என்ற தமிழ்ச் சொல்லை, அப்பாவுக்கு விளக்க வேண்டிய அவசியம் வந்த பிறகுதான் தேடிக் கற்றுக்கொண்டேன்.

எளிது என்றேன் அல்லவா? அது திடலில். காட்டில் உச்சி கண்ணுக்குத் தெரிந்தால்தானே! கீழே செடிகொடிகள், நடுவில் சிறு மரங்கள், அதற்கு மேல் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும் கிளைகள். உச்சி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நம் பக்கம் நீண்டிருக்கும் ஒரு கிளையாகத்தான் இருக்கும். அந்தக் கிளை ஐந்து மீட்டர் நம்மை நோக்கி வந்திருந்தால், உண்மையில் 40 மீட்டர் உயரத்தில் இருப்பது நம் கணக்கில் 48 மீட்டராகிவிடும். சரிவில் நிற்கும் மரமென்றால் இன்னொரு தலைவலி, அடி எது என்பதே கேள்வி. மேட்டுப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா? உலகின் உயரமான மரம் என்று பழைய புத்தகங்களில் வரும் எண்களை நான் இப்போது அவ்வளவு எளிதில் நம்புவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு வானத்திலிருந்து விடை வந்தது. லைடார் என்னும் கருவியை விமானத்தில் பொருத்தி லேசர் ஒளியைக் காட்டின்மீது பொழிவார்கள். சில கதிர்கள் இலையில் பட்டுத் திரும்பும். சில இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் மரத்தின் உயரம். சபா மாநிலத்தில் இந்த முறையால் ஒன்றன்பின் ஒன்றாக இராட்சத மரங்கள் வெளிப்பட்டன. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு மாலியாவ் பள்ளத்தாக்கில் 89.5 மீட்டர் மரம் ஒன்றை அறிவித்தது. அதே ஆண்டில் கிரெக் ஆஸ்னர் என்ற ஆய்வாளர் டானும் பள்ளத்தாக்கில் 94.1 மீட்டர் மரத்தைக் கண்டார். பிறகு 2018இல் நாட்டிங்ஹாம், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அதே டானும் பள்ளத்தாக்கில் ஒரு மஞ்சள் மெராந்தியைக் கண்டுபிடித்து, அதற்கு 'மெனாரா' என்று பெயரிட்டார்கள். மலாயில் கோபுரம் என்று பொருள்.

ஆனால், நண்பர்களே, லேசர் சொன்னால் மட்டும் போதாது. யாராவது மேலே ஏறி, நாடாவைக் கீழே விட்டு அளக்க வேண்டும். 2019 ஜனவரியில் அப்படி ஏறியவர் சபாவைச் சேர்ந்த உண்டிங் ஜாமி. நாடா காட்டியது 100.8 மீட்டர்! வெப்பமண்டலக் காடுகளில் அவ்வளவு உயரமான மரம் அதுவரை அளக்கப்பட்டதில்லை. (கலிபோர்னியாவின் செம்மரம் ஒன்று ஏறக்குறைய 116 மீட்டர். 2023இல் திபெத்தில் 102.3 மீட்டர் சைப்ரஸ் கண்டுபிடிக்கப்பட்டதால் ஆசியாவின் முதலிடம் அங்கே போய்விட்டது. அதனால் நம் நாட்டு மரம் குறைந்துவிடவில்லை!) 2016இல் மாலியாவ் மரத்தில் ஏறியவரும் அவரேதான். அப்போது ஒரு கழுகு தாக்க வருகிறது, தேனீக்களும் சுற்றுகின்றன, அதனால் நல்ல படம் எடுக்க முடியவில்லை என்று மேலிருந்தே குறுஞ்செய்தி அனுப்பினாராம்.

வேரை விட்டுவிட்டால் மெனாராவின் எடை 81,500 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் 95 விழுக்காடு தண்டு. கிளைகளும் இலைகளும் வெறும் ஐந்து விழுக்காடு. தன் எடையால் மட்டும் வளைந்து விழ வேண்டுமென்றால் இந்த மரம் 255 மீட்டர் வரை வளர வேண்டுமாம். அப்படியானால் உயரமான மரத்துக்கு எமன் அதன் எடையன்று, காற்றுதான் என்று ஊகிக்கிறார்கள். மெனாரா நிற்பதோ காற்று நேராக வந்து மோதாத சரிவில்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அங்கே யாரும் வெட்டவில்லை. டானும் பள்ளத்தாக்கு சபா அறவாரியத்தின் மரவெட்டு உரிமப் பகுதிக்குள் இருந்தும், 438 சதுர கிலோமீட்டர் தொடாமல் ஒதுக்கப்பட்டது. இதே மெராந்தி இனம் தீபகற்பத்திலும் வளரும். இங்கே தாழ்நிலக் காடுகள் முதலில் பால்மரமாகவும் பிறகு செம்பனையாகவும் மாறின. மாற்றிய கைகளில் என் கொள்ளுத்தாத்தாவின் கைகளும் உண்டு. கூலிக்குப் போனவர் அவர். மரத்தின் உயரத்தை அளந்து பார் என்று அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்? பாட்டி சொன்னதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் எவ்வளவு உயரமான மரம் நின்றிருக்கும் என்ற கேள்வி மட்டும் போவதில்லை.

மெனாராவைப் பற்றிப் படித்த அன்றிரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"எத்தன கம்பும்மா?"

"பன்னண்டரக் கம்புக்கு மேலப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, கண்டுபிடித்தவர்களைப் பற்றி எதுவும் கேட்காமல், "ஏறுனவரு பேரு என்ன?" என்றார். சொன்னேன். "பத்தரமா எறங்குனாரா?"

"எறங்கிட்டாருப்பா. மேல காத்து பலமா இருந்துச்சாம், பயமா இருந்துச்சாம்."

"இருக்கும்," என்றார் அப்பா, தாமும் அங்கே இருந்தவரைப் போல.

அடுத்த ஆண்டு ஏழாம் நம்பர் காட்டுக்கு மறுநடவு என்று தோட்டத்தில் அறிவித்துவிட்டார்கள். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது கன்றாக இருந்த மரங்கள் அவை. முதல் குலையை உளியால் வெட்டினார். பிறகு குட்டைக் கம்பு, பிறகு நீளக் கம்பு. அவருக்கு இப்போது வயது 56. புதிய கன்றுகள் காய்க்கும்போது அறுபதாகி ஓய்வுபெற்றிருப்பார். இதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செமெஸ்டர் விடுமுறைக்குத் துறையிலிருந்து ஒரு கிளினோமீட்டரை இரவல் வாங்கிப் போகப்போகிறேன். ஏழாம் நம்பர் காட்டிலேயே உயரமான செம்பனை எது என்று கேட்டிருந்தேன். ஆற்றோர நிரையில், முனையிலிருந்து நான்காவது மரம் என்று யோசிக்காமலேயே சொன்னார். அந்த மரத்தை யாராவது அளப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. "நீ கருவியில பாரு, நான் கம்புல பாக்குறேன்," என்றார். "யாரு கணக்கு சரின்னு பாப்போம்."