தார் முடியும் இடம்

நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை கியர்பாக்ஸின் வயிற்றில் ஊன்றி, அதன் பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஜீப் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பையனும் நானும் மூச்சை அடக்கி நின்றோம். ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து, "நடுப் பல்லுல ஊசி ரோலர் தேஞ்சிருக்கு. எறக்கிருவோம்" என்றார்.

எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே இரைச்சல். அதைச் சொன்னேன்.

"எனக்கும் வலது காது பாதிதான் தம்பி. பம்பு சத்தம் தின்னது போக மிச்சம். எலும்பு வழியாக் கேட்டா பொய் சொல்லாது."

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையோரம், வேலிக்கருவைக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மூன்று பழைய மகிந்திரா ஜீப்புகள், ஒரு வெல்டிங் மிஷின், எண்ணெய் குடித்துக் கறுத்த மண்தரை. அவர் 27 வருடம் தீயணைப்புத் துறையில் இருந்தவர். பெரும்பாலும் டிரைவர் மெக்கானிக்காக, விருதுநகர் மாவட்டத்தின் பல நிலையங்களில் வேலை பார்த்திருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன்பு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "பேர் போடாதீங்க" என்று முதல் நாளே கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே எழுதுகிறேன். நான் கூப்பிட்டதும் அப்படித்தான்.

இந்தச் சீமைக்கு ஜீப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் வண்டியை, நாடு விடுதலையான 1947-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மகிந்திரா கம்பெனி பாகங்களாக இறக்கிப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு முழுவதும் இங்கேயே செய்தார்கள். எங்கள் சிறு வயதில் பி.டி.ஓ. ஜீப் ஊருக்குள் வந்தால் தூசி அடங்கும் வரை பின்னால் ஓடுவோம். தேர்தல் நேரத்தில் மைக்செட் கட்டிய ஜீப். வசதியான சம்சாரி வீட்டில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப். 1980-களில் வந்த எம்எம் 540 மாடல்தான் அண்ணனுக்குப் பிரியமானது. பிரெஞ்சுக் கம்பெனியான பூஜோவின் டீசல் இன்ஜின் போட்டது. "அது இழுக்கும். ஓடாது. எனக்கு ஓட வேண்டியதில்ல" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் கவனிக்கவில்லை.

கியர்பாக்ஸை இறக்க அரை நாள் ஆனது. அண்ணனும், திருச்சுழிப் பக்கமிருந்து வருகிற அந்த இருபத்திரண்டு வயதுப் பையனும் பேசிக்கொள்ளாமலே வேலை செய்தார்கள். கை நீளும், ஸ்பானர் வரும். நட்டைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு சாக்கில் அடுக்கினார்கள். தீயணைப்பு வண்டியில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம் உண்டு. இருட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் கை போய் எடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் கொட்டகைக்கும் வந்துவிட்டது. ஜீப்பில் வழக்கமான கியர்பாக்ஸோடு ஒட்டி இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிறார்கள். இன்ஜினிலிருந்து வரும் விசையைப் பின்சக்கரத்துக்கு மட்டும் கொடுப்பதா, நான்குக்கும் பிரிப்பதா என்று முடிவு செய்வது அதுதான். அதற்கென்று தனி லிவர். இன்னொரு லிவரைத் தள்ளினால் 'லோ' விழும். சக்கரம் சுற்றுவது பாதிக்கும் கீழே குறைந்து, இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும்.

"நாங்க வாட்டர் டெண்டர்ல செஞ்சதும் இதானே. ரோட்டுல போறப்ப இன்ஜின் சக்கரத்தைச் சுத்தும். எடத்துக்குப் போய் நின்னதும் லிவரைப் போட்டா அதே இன்ஜின் பம்பைச் சுத்தும். அங்கே தண்ணி தள்ளுச்சு, இங்கே வண்டியைத் தள்ளுது."

தேய்ந்த ஷாஃப்ட்டைக் கையில் உருட்டிக் காட்டினார். நகத்தை ஓட்டினால் தட்டியது. அருப்புக்கோட்டை லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனோம். லேத்காரர் ஷாஃப்ட்டை வாங்கி ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுக்கு உசிர் குடுக்கலாம், ஆனா ரோலர் நீங்க மதுரையிலதான் பாக்கணும்" என்றார். கமான் பட்டை அடிக்கிற பட்டறை வேறு தெருவில். பழைய பட்டையைக் காய்ச்சி, அடித்து, வளைவு ஏற்றித் தருகிறார் அங்கிருந்த பெரியவர். வளைவை அளக்க அவரிடம் ஒரு நூல்தான் இருந்தது. புது ஜீப்பில் காயில் ஸ்பிரிங் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது, லாரிக்காரர்கள் கைவிடவில்லை என்றார். இந்த மூன்று பேருக்கும் நடுவில்தான் ஒரு பழைய ஜீப் உயிரோடு இருக்கிறது. கம்பெனி பாகம் நிறுத்தியபின் வண்டியைக் காப்பது இவர்கள் கை.

இப்போது ஜீப்பைக் காடுமேட்டில் ஓட்டுவது ஒரு பந்தயமாகவே வளர்ந்திருக்கிறது. மலேசியாவில் 1997-இல் தொடங்கிய ரெய்ன்ஃபாரஸ்ட் சேலஞ்சின் இந்தியச் சுற்று, 2014-இல் கோவாவில் மழைக்காலத்தில் தொடங்கியது. சேற்றில் வின்ச் போட்டு இழுக்கும் படங்களை அந்தப் பையன் கைபேசியில் காட்டினான். பிழைப்புக்காக ஓட்டுகிறவர்களும் உண்டு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமான பாதையில் ஆள் ஏற்றும் ஜீப்காரர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திறமை தெரியும். அண்ணன் இரண்டிலும் சேராதவர். சொந்த ஊரைச் சுற்றித் தரிசிலும் வண்டிப்பாதையிலும் ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள், அதிகாலையில். கூட யாரும் வந்தால் ஏற்றிக்கொள்வார்.

ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. டீக்கடை பெஞ்சில் வைத்துக் கேட்டேன்.

"முதலிப்பட்டி" என்றார்.

2012 செப்டம்பர் 5. சிவகாசிக்குப் பக்கத்தில் பட்டாசு ஆலை வெடித்து 40 பேர் வரை செத்த நாள். இந்த மாவட்டத்தில் அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. முதல் வெடிப்புக்குப் பிறகு சுற்று ஊர் ஆட்கள் உள்ளே ஓடினார்கள், அதற்குப் பின் நடந்த வெடிப்பில்தான் பலர் மாண்டார்கள்.

"வேடிக்கை பாக்கப் போய் செத்தாங்கன்னு ஈசியாச் சொல்லிட்டாங்க தம்பி. தூக்கிவிடப் போனவனும் அதுல இருக்கான். பயிற்சி உள்ள நாங்களே எட்ட நின்னு கணக்குப் போட்டுத்தான் போவோம். அலுமினியப் பொடி எரியுற எடத்துல தண்ணிய அடிச்சா அணையாது, கூடும். எந்த ரூம்ல என்ன இருக்குன்னு தெரியாம கால் வைக்க முடியாது. அவன் வெறுங்கையோட போனான். அவனைத் தடுத்து நிறுத்த எங்களால முடியல."

அதற்குப் பிறகும் ஏழு வருடம் வேலை பார்த்தார். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அச்சன்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தபோது வீட்டில் இருந்தார். டிவியில் பார்த்தபடி எழுந்து நின்று காலணியைத் தேடியதாக அவர் மனைவி சொன்னார். அக்கா சொன்ன இன்னொன்று: பத்து வருடம் அவர் போன் மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே எழுந்துவிடுவாராம். நிலையத்தில் 'கால்' என்கிற அவசர அழைப்பு வந்தால் வண்டி கிளம்புவதற்கு ஒரு நிமிடம்கூட எடுக்கக்கூடாது. அந்த நிமிடம் உடம்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

எல்லாக் காலும் வெடி இல்லை. பெரும்பாலும் கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் வந்த பாம்பு, தரிசில் பிடித்த தீ. அப்புறம் படப்பு. வைக்கோல் படப்பையும் தட்டைப் படப்பையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் அண்ணன் குரல் மாறிவிடுகிறது. படப்புக்குத் தண்ணீர் மேலே ஓடி வழிந்துவிடும், உள்ளே இறங்காது. வெளியே அணைந்த மாதிரி இருக்கும், நடுவில் கனன்றுகொண்டே இருக்கும். கவைக்கம்பால் பிரித்துப் பிரித்துப் போட்டு நனைக்க வேண்டும். வண்டியில் இருப்பதோ 4,500 லிட்டர். பிராஞ்சு என்கிற குழாய் முனை ஒன்றை மட்டும் பிடித்து அடித்தாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் பக்கத்துக் கிணற்றில் உறிஞ்சுக்குழாயைப் போட்டாக வேண்டும். இது எல்லாமே வண்டி அங்கே போய்ச் சேர்ந்தால்.

"தண்ணி மட்டுமே நாலரை டன்னு. மேல வண்டி எடை. பின்சக்கரம் மட்டும் இழுக்கும். கரிசலுக்குள்ள இறங்குனா அச்சு வரைக்கும் போயிரும். தார் முடிஞ்ச எடத்துல நிறுத்திட்டு, புகை தெரியுது, பொம்பளைங்க அழுற சத்தம் கேக்குது, ஹோஸைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். நான் ஓட முடியாது. பம்புகிட்ட நிக்கணும். அங்க நின்னு எத்தனை புகையைப் பாத்திருப்பேன்!"

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ரோலர் மாற்றிப் பூட்டிய எம்எம் 540. முந்தின வாரம் மழை பெய்து காய்ந்திருந்தது. குண்டாற்றைத் தாண்டி, நரிக்குடிச் சாலையிலிருந்து ஒரு வண்டிப்பாதைக்குத் திரும்பியதும் நிறுத்தி இறங்கினார். முன்சக்கரத்தின் நடுக்குமிழை இரண்டு பக்கமும் திருகிவிட்டார். அதைத் திருகினால்தான் முன்னச்சு விசையை வாங்கும். டயரில் காற்றைப் பாதியாக இறக்கினார். டயர் கொஞ்சம் பரந்து உட்கார்ந்தது. "கரிசல் மேல நடக்கணும்னா பாதம் அகலமா இருக்கணும்."

கரிசலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் அந்தக் களி நீரைக் குடித்து உப்பிவிடும். செம்மண் சேறு வழுக்கும், அவ்வளவுதான். கரிசல் சேறு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், அடுக்கடுக்காக ஒட்டி மட்கார்டு வரை நிறைந்து சக்கரத்தையே நிறுத்திவிடும். ஈரம் மேலே காய்ந்து அடியில் இருக்கிற நாட்கள்தான் மிக மோசம். எங்கே காய்ந்திருக்கிறது என்பதை நிறத்தை வைத்துச் சொன்னார். சாம்பல் பூத்த கருப்பு நல்லது. எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும் கருப்பின் பக்கமே போகக்கூடாது.

லோ, முதல் கியர். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டார். வண்டி தானாகவே ஊர்ந்தது. நான் இறங்கி நடந்தால் முந்தியிருப்பேன். ஓர் ஓடைச் சரிவில் முன்வலமும் பின்னிடமும் தூக்கிக்கொள்ள, தூக்கிய இரண்டு சக்கரமும் காற்றில் சுற்றின, தரையில் இருந்த இரண்டும் அசையவில்லை. அண்ணன் பிரேக்கை லேசாக, முட்டையை அமுக்குவது போல அமுக்கினார். காற்றில் சுற்றியவை தயங்கின. தரையில் இருந்தவை பிடித்துக்கொண்டன. வண்டி ஒரு முனகலோடு மேலேறியது. அவர் முகத்தைப் பார்த்தேன். 27 வருடம் நிமிடத்தை எண்ணியவர், இந்த இருபதடிக்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டு அவ்வளவு நிறைவாக இருந்தார்.

கண்மாய்க்கரை வந்தது. ஏறவில்லை. சுற்றிக்கொண்டே போனார். "கரை ஊர்ச் சொத்து. சக்கரம் ஏறுன தடத்துல மழைத்தண்ணி ஓடும், அப்புறம் அதுவே உடைப்பு." விதைத்த நிலத்தின் வரப்பிலும் ஏற மாட்டார். வேலிக்கருவை முள் கிடக்கும் இடத்தில் இறங்கி ஒரு கம்பால் ஒதுக்கிவிட்டு வந்தார். அந்த முள் டயரை ஊடுருவி டியூப்புக்குள் போய்விடும். வெட்டிப்போட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் கரிமூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, காற்று எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி எடுத்தார்.

எங்கள் காட்டுக்கு அவரைப் போகச் சொன்னது நான்தான். எனக்கு ஒன்பது வயதில், மாசிக் கடைசியில், எங்கள் படப்பு எரிந்தது. முந்தின நாள் பருவம் தப்பிய மழை. வண்டி வந்து தார் முடிந்த இடத்தில் நின்றது. அந்த ஆட்கள் ஹோஸ் எட்டாமல், வாளியோடும் கவைக்கம்போடும் ஓடிவந்து எங்களோடு நின்று பிரித்துப் போட்டார்கள். ஒருவர் கை பொத்துப்போனது. படப்பு போய்விட்டது. மாட்டுத்தொழுவைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அன்று வந்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது, நன்றிகூடச் சொல்லவில்லை என்று அம்மா இன்றைக்கும் வருத்தப்படுவாள். அண்ணன் அப்போது வேலையிலேயே சேர்ந்திருக்க மாட்டார். ஆனாலும் சொன்னேன்.

தார் முடிகிற இடத்தில் ஓடோமீட்டரைப் பார்த்துக்கொண்டார். பாதை நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் கருவை. பத்து நிமிடத்தில் படப்பு இருந்த மேட்டில் வண்டியை நிறுத்தினார். இப்போது அங்கே ஒரு வேப்பமரமும் கொஞ்சம் கொளுஞ்சியும்தான். இறங்கி நின்று வந்த வழியைப் பார்த்தார்.

"அறுநூத்தம்பது மீட்டர். முப்பது மீட்டர் ஹோஸ்னா இருபத்திரெண்டு. அவ்வளவு வண்டியில இருக்காது தம்பி. யார் வந்திருந்தாலும் எட்டியிருக்காது." கொஞ்ச நேரம் கழித்து, "தொழு எந்தப் பக்கம்?" என்றார்.

கிழக்கே காட்டினேன்.

"அன்னைக்குக் காத்து?"

தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன். "கொண்டல்டா. நல்ல கெழக்குக் காத்து. இப்ப எதுக்குக் கேக்குற?" என்றார்.

அண்ணன் கிழக்கே திரும்பி, தொழு இருந்த இடத்துக்கு நடந்துபோய் நின்றார். அங்கிருந்து படப்பு மேட்டைப் பார்த்தார்.

"இங்கதான் நின்னுருப்பாங்க. காத்துக்கு முதுகு காட்டி" என்றார்.

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது.